காந்தி வீதிச் சந்தில் பழைய கோலிக்குண்டு: சரக்கு எப்படி, சீட்டு எப்படி

சரக்கு நல்ல சரக்கு. அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் நம்ப முடியாது. இந்தக் கடையைப் பற்றி என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

புதுச்சேரியில் சண்டே மார்க்கெட் நடக்கிற காந்தி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு கால் உடைந்த சாய்வு நாற்காலியும், பூப்போட்ட எனாமல் பேசின்களும் அடுக்கியிருக்கும். உள்ளே பித்தளை, பீங்கான், பூட்டு, சாவி, ஓடாத சுவர்க்கடிகாரம் என்று வழக்கமான பழைய சாமான்தான். கோலிக்குண்டு எல்லாம் கடைசி அலமாரியில். நல்லது என்று அவர்கள் நினைப்பதை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்திருப்பார்கள். மீதி, மிட்டாய் ஜாடிகளில் கொட்டிக் கிடக்கும். கடையை நடத்துவது ஒரு ஆயா. சீட்டு எழுதி ஒட்டுவது, விலை போடுவது, வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது எல்லாம் காலேஜ் படிக்கிற பேரன்.

நான் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவன். வீடு கடலூர் முதுநகரில். நாள் முழுக்க அளவெடுப்பதுதான் பிழைப்பு. அதனால் கோலியையும் அளந்து பார்த்துத்தான் வாங்குவேன். கலை, நினைவு, சின்ன வயசு என்று எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆயாவிடம் கேட்டால் தயங்காமல் சொல்லுவார். "பாதி சொல்தா வீட்டு சாமான் தம்பி. பசங்கல்லாம் பிரான்ஸ்ல, வீட்ட விக்கிறாங்க, மூட்டையா கட்டி கொடுத்துட்டுப் போயிடறாங்க. மீதி வெள்ளக்காரங்க காலி பண்றப்ப போடறது." சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இது நம்பக்கூடிய பதில். பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கும் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர் இது. வெளிநாட்டிலிருந்து வந்த விளையாட்டுச் சாமான் பரணில் கிடப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் குண்டு வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கும், இந்தக் கம்பெனி இந்த வருஷத்தில் செய்தது என்பதற்கும் நடுவில் ரொம்ப தூரம் இருக்கிறது. பேரன் அந்தத் தூரத்தை ஒரே தாவாகத் தாண்டிவிடுகிறான்.

முதலில் அளவு. இந்தக் கடையில் நான் முழு மார்க் கொடுப்பது இதற்குத்தான்.

பேரன் முன்பெல்லாம் சீட்டில் சின்னது, மீடியம், ஜம்போ என்று எழுதி வைத்திருந்தான். அப்புறம் மில்லிமீட்டருக்கு மாறினான். ஆயா இரண்டையும் மதிப்பதில்லை. ஒரு குண்டை விரலிடுக்கில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது அஞ்சு நூலு, இது நாலர நூலு" என்று பிரித்துப் போடுவார். அவர் வீட்டுக்காரர் கம்பி கட்டுகிற மேஸ்திரியாம். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கட்டட வேலையில் 16 மில்லிமீட்டர் கம்பியை அஞ்சு நூல் கம்பி என்பார்கள். பழைய அமெரிக்கக் கோலிகளும் இஞ்சுக் கணக்கில் செய்தவைதான், அதனால் ஆயாவின் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

அங்கே அதிகம் செய்த அளவு 5/8 இஞ்சு, அதாவது அஞ்சு நூல், 15.9 மில்லிமீட்டர். அவர்களுடைய 'ரிங்கர்' ஆட்டத்தில் வட்டத்துக்குள் வைக்கிற 13 குண்டும் இந்த அளவில்தான் இருக்கும். அடிக்கிற குண்டு அரை இஞ்சுக்குக் குறையக்கூடாது, முக்கால் இஞ்சுக்கு மேலே போகவும் கூடாது. நாலரை நூல், அதாவது 9/16 இஞ்சு குண்டுகளும் பழைய சரக்கில் நிறைய வரும். அரை இஞ்சும் அதற்குக் கீழேயும் இருப்பதை 'பீவீ' என்பார்கள். ஆறு நூலிலிருந்து எட்டு நூல் வரை, அதாவது முக்கால் முதல் ஒரு இஞ்சு வரை, பெரிய குண்டு. ஒரே கம்பெனி, ஒரே டிசைன் என்றாலும் பெரிய குண்டு கம்மியாகத்தான் கிடைக்கும், அதனால் விலை சரசரவென்று ஏறும். எடையும் அப்படித்தான். அரை இஞ்சுக் கண்ணாடிக் குண்டு 2.7 கிராம் சுமாருக்கு வரும். ஒரு இஞ்சுக் குண்டு 21 கிராமைத் தாண்டும். குறுக்களவு இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு.

இந்த எடைக் கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். அஞ்சு நூல் கண்ணாடிக் குண்டு 5 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி சின்னத் தராசில் இரண்டரை, மூன்று கிராம் காட்டினால் அது பிளாஸ்டிக். பளபளவென்று ரெசினில் செய்த குண்டுகள் ஒரு ஜாடியில் கலந்து கிடந்தன. கேட்டவுடன் ஆயா தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

கடையில் அளக்கும்போது இரும்பு வெர்னியர் அளவுகோலை குண்டின்மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். கடினமாக்கிய தாடை கண்ணாடியில் சில்லு எடுத்துவிடும், அப்புறம் அந்தக் குண்டை நீங்கள்தான் வாங்க வேண்டி வரும். பிளாஸ்டிக் வெர்னியர் போதும், நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூன்று திசையில் அளங்கள். மெஷின் குண்டும் முழு உருண்டையாக இருக்காது. அதைவிட நல்ல வழி துளைத் தட்டு. அக்ரிலிக் ஷீட்டில் அரை இஞ்சிலிருந்து ஒரு இஞ்சு வரை அரை நூல் ஏற்றத்தில் துளை போட்டு ஒன்று செய்து ஆயாவுக்குக் கொடுத்தேன். குண்டு எந்தத் துளையில் விழுகிறது, எதில் நிற்கிறது என்று பார்த்தால் வேலை முடிந்தது. இப்போது கடையில் அளவு சரியாக இருப்பதற்கு என் தட்டும் ஒரு காரணம். அதனால் இந்த விஷயத்தில் என் பாராட்டைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவை வைத்து யார் செய்தது என்று சொல்ல முடியாது. எல்லாக் கம்பெனியும் அஞ்சு நூல் போட்டிருக்கிறது. பேரனோ சீட்டில் 16 மிமீ என்று எழுதி, பக்கத்திலேயே 'ஆக்ரோ ஒரிஜினல்' என்று ஒரு பழைய அமெரிக்கக் கம்பெனியின் பெயரை எழுதுகிறான், பின்னதுக்கு முன்னது சாட்சி என்கிற தோரணையில்.

குண்டில் கம்பெனிப் பெயர் இருக்காது. பெயர் பெட்டியிலும் பையிலும்தான் அச்சடித்திருப்பார்கள், பெட்டி போனால் பெயரும் போயிற்று. மிச்சமிருப்பது கண்ணாடி ஓடிய விதமும், வெட்டிய இடமும்தான். மெஷினில் நடப்பது இது. உலையிலிருந்து கூழாக ஒழுகும் கண்ணாடியை ஒரு கத்தரி துண்டு துண்டாக வெட்டும். துண்டு, பக்கத்தில் பக்கமாகச் சுழலும் இரண்டு உருளைகளின் மேல் விழும். உருளைகளில் திருகு வடிவத்தில் பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளத்தில் உருண்டு நகர்ந்துகொண்டே போய், மறுமுனைக்கு வருவதற்குள் துண்டு உருண்டையாகி இறுகிவிடும். ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பவர் குண்டு உருட்டும் ஆரம்ப கால மெஷின் ஒன்றுக்கு 1905இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் அவர் எஃகு உருண்டை செய்கிற வேலையில் இருந்த ஆள். பால் பேரிங்குக்கும் கோலிக்குண்டுக்கும் உறவு இருக்கிறது என்று எங்கள் பட்டறையில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கையால் செய்த ஜெர்மன் குண்டில் முனையில் தழும்பு இருக்கும். லௌஷா ஊரில் 1840களிலிருந்து கண்ணாடிக் கம்பியை ஒரு வகைக் கத்தரியால் நறுக்கி, நறுக்கித்தான் குண்டு செய்தார்கள். நறுக்கிய இடம் விரலுக்கே தட்டுப்படும். மெஷின் குண்டில் விரலுக்கு எதுவும் தட்டாது. வெட்டிய இடம் கோடாக, மடிப்பாக, நிறம் சட்டென்று திரும்புகிற வளைவாகக் கண்ணுக்கு மட்டும் தெரியும். அந்த இடத்தைத்தான் முதலில் தேட வேண்டும். பேரன் சீட்டை ஒட்டுவது சரியாக அந்த இடத்தில். பாதிக் குண்டுகளில் இப்படித்தான். வேண்டுமென்று செய்கிறான் என்று நான் சொல்ல மாட்டேன். அழகான பக்கம் மேலே தெரிய வேண்டும் என்று கோடு உள்ள பக்கத்தில் ஒட்டுகிறான். ஆனால் வாங்குகிறவனுக்கு அது முகத்தை மூடி மூக்கைக் காட்டுகிற கதை. சீட்டை எடுக்கச் சொல்லுங்கள், மறுக்க மாட்டான். பசை போகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

சரி, சீட்டில் என்னதான் எழுதியிருக்கிறது?

'ஆக்ரோ' என்பது பேரனுக்குப் பிடித்த பெயர். ஆக்ரோ அகேட் கம்பெனி ஆக்ரனில் தொடங்கி, 1914இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்குக்குப் போய், 1951இல் மூடியது. நிறையச் செய்தார்கள், அதனால் நிறையக் கிடைக்கும், அதுவரை உண்மை. ஆனால் கோடு ஓடுகிற எல்லாக் குண்டும் ஆக்ரோ ஆகிவிடாது. அவர்களுடைய தனி அடையாளம் 'கார்க்ஸ்க்ரூ'. கண்ணாடி ஒழுகும்போதே சுழற்றிவிட்டதால் வண்ணக் கோடு ஒரு முனையில் தொடங்கி, போல்ட்டில் ஏறும் மரையாகக் குண்டைச் சுற்றிக்கொண்டே போய், மறுமுனையில் முடியும். நடுவில் எங்கேயும் தன்னைத்தானே தொடாது. முட்டை அட்டையில் 'ஆக்ரோ' என்று இருந்தவற்றில் கார்க்ஸ்க்ரூ கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் அருமை.

நான் வாங்கிய ஒன்றைச் சொல்கிறேன். அஞ்சு நூலுக்கு ஒரு முடி குறைவு. அடி பால் வெள்ளை, ஆனால் முழு வெள்ளை இல்லை, இடையிடையே தெளிந்த கண்ணாடி. அதற்குள் வெள்ளை இழைகள் மெல்லிசாக நிற்கின்றன. அதன்மேல் சிவப்பும் பச்சையும் சேர்ந்து ஒரே பட்டையாக ஒன்றரைச் சுற்று. பட்டையின் ஓரத்தை லென்ஸில் பார்த்தால் சிவப்பு உள்ளே கொஞ்சம் ஆழம் போய்ச் சாய்ந்து முடிகிறது, மேல்பூச்சாக நிற்கவில்லை. இந்தக் கூட்டணிக்குச் சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாப்பாய்'. அந்தக் கார்ட்டூன் மாலுமி படம் போட்ட பெட்டியில் வந்ததால் அப்படி. இதைப் பேரன் 'ஆக்ரோ' என்று மட்டும் எழுதி 350 ரூபாய் போட்டிருந்தான். இந்த ஒன்றில் சீட்டு சரி.

அதே அட்டையில், இரண்டு குழி தள்ளி, மஞ்சளும் கறுப்புமாக ஒன்று. சீட்டு: 'மார்பிள் கிங் 1930'. மார்பிள் கிங் கம்பெனியே 1949இல்தான் செயின்ட் மேரிஸ் ஊரில் தொடங்கியது, 1958இல் பேடன் சிட்டிக்கு மாறியது. கம்பெனிப் பெயர் சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் மஞ்சள் கறுப்புப் பட்டைக் குண்டு அவர்களுடைய பேர்போன சரக்கு, 'பம்பிள்பீ' என்பார்கள். வருஷம்தான் பிறப்பதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. வருஷம் பழசானால் விலை கூடும் என்று பேரனுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு சீட்டு: 'கிறிஸ்டென்சன் அகேட் 1910'. இதில் குழப்பம் இரண்டு மடங்கு. மெஷினைக் கண்டுபிடித்த மார்ட்டின் கிறிஸ்டென்சனின் கம்பெனி எம்.எஃப். கிறிஸ்டென்சன் அண்ட் சன். அது 1917இல், உலைக்கு வேண்டிய இயற்கை எரிவாயு கிடைக்காமல் மூடியது. கிறிஸ்டென்சன் அகேட் என்பது வேறு கம்பெனி. 1925இல் ஓஹையோவின் பெய்ன் ஊரில் தொடங்கி, இரண்டு வருஷத்தில் கேம்பிரிட்ஜ் ஊருக்கு மாறி, 1930களின் தொடக்கத்திலேயே முடிந்துபோனது. கொஞ்ச காலமே ஓடியதால் அதன் குண்டுக்கு மவுசு அதிகம், கண்ணைக் குத்துகிற நிறங்களுக்காகவும். 1910 என்று போட்டால் அது அகேட்டாக இருக்க முடியாது. அகேட் என்றால் 1910 ஆக முடியாது. இதைச் சொன்னபோது பேரன் கோபப்படவில்லை. போனை எடுத்துக் குறித்துக்கொண்டான். ஆனால் அடுத்த தடவை போனபோதும் அதே சீட்டு அதே குண்டில் இருந்தது.

அந்தக் குண்டு உண்மையில் என்ன என்றால், ஊதாவும் வெள்ளையும் கலந்து ஓடிய 'ஸ்லாக்'. ஒரு முனையில் வெள்ளை ஒரு சுழி போட்டு 9 என்ற எண்ணாக நிற்கிறது, எதிர் முனையில் வால் மாதிரி வெட்டு. ஆரம்ப கால மெஷினில் கண்ணாடியை ஓர் ஆள் கம்பியில் சுற்றி எடுத்து, கையாலேயே ஒழுகவிட்டு வெட்டினார்கள். அந்தக் கைத்திருப்பம்தான் அந்த 9. பிறகு உலையிலிருந்து தானாக ஒழுகும் மெஷின் வந்ததும் அந்தச் சுழி போய்விட்டது. ஆக, இது எம்.எஃப். கிறிஸ்டென்சன் அல்லது தொடக்க கால ஆக்ரோ. இரண்டில் எது என்று கடை வாசலில் நின்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் 1910 என்று எழுதியது ஏறக்குறையச் சரியாகவே போய்விடுகிறது, கம்பெனிதான் தப்பு. இரண்டு தப்பான சீட்டைச் சேர்த்தால் ஒரு நல்ல சீட்டு வரும் போலிருக்கிறது.

பெல்டியர் பெயரில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு வியப்பு. இலினாய் மாநிலத்து ஒட்டாவாவில் இருந்த பெரிய கம்பெனி. கார்ட்டூன் பாத்திரங்கள் 12 பேரைக் குண்டிலேயே கறுப்பாகப் பதித்து விற்றவர்கள். அவர்களுடைய 'ரெயின்போ' குண்டுகள் ஜாடியில் கிடக்கவே செய்கின்றன, சீட்டில்லாமல், மலிவு விலையில். அடி ஒரு நிறம், அதில் நான்கோ ஆறோ பட்டை இரு வெட்டுக்கோட்டுக்கும் நடுவில் ஓடும். பேரன் இதைப் படிப்பதற்கு முன் போய்விடுவது நல்லது.

கடையில் எண்ணிக்கையில் அதிகம் 'கேட்ஸ் ஐ'. தெளிந்த கண்ணாடிக்குள் வண்ண இதழ்கள் நிற்குமே, நாம் எல்லோரும் விளையாடிய அதே குண்டு. 'ஜப்பான் 1920' என்று ஒரு வரிசை முழுக்க ஒட்டி, ஒன்று 150 ரூபாய். இதற்கு 150 கொடுக்காதீர்கள். கேட்ஸ் ஐ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து வந்த சரக்கு. 1950களில் அது அமெரிக்கச் சந்தையை அடித்துத் துவைத்தது. பிறகுதான் அமெரிக்கக் கம்பெனிகளும் தங்கள் பங்குக்கு இறங்கின. பெல்டியர் ஒற்றை இதழோடு, நடுவில் பருத்து, வாழைப்பழ வடிவத்தில் செய்தது, அதற்கு 'பனானா' என்றே பெயர். அப்படி ஒன்று கிடைத்தால் எடுங்கள். மற்றபடி, லேசாகப் பாட்டில் பச்சை அடிக்கிற கண்ணாடி, உள்ளே குமிழ், மூன்று நான்கு மெல்லிய இதழ் என்றால் அது ஆசியச் சரக்கு. நம் பெட்டிக்கடைகளில் நெட்டுப் பையில் தொங்கியதும் அதுதான். பேந்தா ஆட ஜாடிக் குண்டே போதும், ஐந்து ரூபாய்க்கு.

'பீச் கிளாஸ் பிரெஞ்சு' என்று ஒரு கிண்ணம். ஒற்றை நிறம், வெளிறிய பச்சை, மேலே பனி படர்ந்து மங்கியது. இது கோலி சோடா பாட்டிலை உடைத்து எடுத்த குண்டு என்பது கடலூர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளிருக்கும் வாயு குண்டை மேலே தள்ளி, வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைக்கும். குண்டு பாட்டிலை விட்டு வெளியே வராதபடிதான் அதன் அமைப்பு. அதனால் பையன்கள் பாட்டிலையே உடைத்தார்கள். ஆயாவிடம் கிண்ணத்தைக் காட்டிக் கேட்டேன். "சோடா குண்டுதான் தம்பி. அவன் இன்னாமோ எழுதி வெச்சிருக்கான், நீ பத்து ரூபா குடு" என்றார். இந்தக் கடையில் யாரிடம் விலை பேச வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

பழுதைப் பற்றிச் சீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. இது எனக்குப் பெரிய குறை. கோலி என்பது ஒன்றோடொன்று மோதுவதற்கே செய்தது. மோதிய இடத்தில் பிறை வடிவத்தில் விரிசல் விழும். சிலது மேலே சில்லாகப் பெயரும், சிலது மேல்தோல் சரியாக இருக்க உள்ளுக்குள் மட்டும் பிறை நிற்கும். இந்த உள்பிறை கடையின் மஞ்சள் பல்பில் தெரியவே தெரியாது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துத் திருப்பினால் வெள்ளியாக மின்னும். ஆயா வெளியே எடுத்துப்போகத் தடை சொல்வதில்லை. பழுதில்லாத குண்டுக்கும் பிறை விழுந்த குண்டுக்கும் விலை பாதிக்கு மேல் வித்தியாசம் வர வேண்டும். இங்கே இரண்டுக்கும் ஒரே விலை. அதாவது பொறுமையாகப் பார்த்து நல்லதைப் பொறுக்குகிறவருக்கு லாபம், அவசரத்தில் எடுப்பவருக்கு நட்டம்.

மெருகு போட்ட குண்டுகளும் உண்டு. பிறையை மறைக்கச் சிலர் மேல்தோலைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். யார் தேய்த்தது என்று தெரியாது, கடைக்கு வரும்போதே அப்படி வந்திருக்கலாம். பழைய குண்டின் மேல்தோலில் உலையிலிருந்து வந்த மெல்லிய அலைவு இருக்கும், உருளைத் தடம்கூட சிலதில் தெரியும். தேய்த்ததில் கண்ணாடி மாதிரி ஒரே மட்டம், வெட்டுக்கோட்டின் மடிப்பு ஓரங்கள் மழுங்கியிருக்கும். அளவும் எந்தத் துளைக்கும் ஒட்டாமல் குறைந்து நிற்கும். ஒரு அடையாளம் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம், மூன்றும் சேர்ந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

ரூபாய் நோட்டு சோதிக்கிற ஊதா டார்ச் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். சில பழைய பச்சை, மஞ்சள் குண்டுகளில் யுரேனியம் கலந்த கண்ணாடி இருக்கும், டார்ச் வெளிச்சத்தில் பச்சையாக எரியும். ஐந்து ரூபாய் ஜாடியிலிருந்தே அப்படி எனக்குக் கிடைத்தது. அதே மாதிரி, பாலில் நீர் கலந்த நிறத்தில் மங்கலான வெள்ளைக் குண்டை சாதாரண விளக்குக்கு நேரே பிடியுங்கள். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒளி கசிந்தால் அது 'மூனி' வகை, ஆக்ரோ அதில் பேர் வாங்கியது. வெறும் வெள்ளையாகவே நின்றால் வெறும் வெள்ளைதான்.

'கினி' என்று சீட்டு ஒட்டி 1500 ரூபாய் போட்ட ஒன்று அலமாரியின் மேல்தட்டில் கண்ணாடிக் கிண்ணத்தில் தனியாக இருக்கிறது. கினி என்பது கிறிஸ்டென்சன் அகேட்டின் மிக விலையுயர்ந்த வகை, வெளியிலெல்லாம் பல மடங்குக்குப் போகும். அதனாலேயே இப்போதைய கைவினைஞர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். இந்தக் குண்டின் அடியில் நகத்துக்கு ஒரு சொரசொரப்பு தட்டுகிறது. மெஷின் குண்டில் அது இருக்கக்கூடாது. அழகான குண்டு, 200 ரூபாய்க்கு அலமாரியில் வைக்கலாம். 1500க்கு வேண்டாம்.

உடைந்த ஜாடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சில்லு பெயர்ந்தது, பாதியாகப் பிளந்தது எல்லாம் ஒரு கைப்பிடி இருபது ரூபாய். இதை யாரும் வாங்குவதில்லை. குண்டு எப்படிச் செய்தது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சாமான் கிடையாது. மார்பிள் கிங் மாதிரிக் கம்பெனிகள் வண்ணத்தை முழுக்க ஊற்றாமல், அடிக் கண்ணாடியின்மேல் மெல்லிய தோலாக மட்டும் போர்த்தினார்கள், விலையைக் குறைக்க. முழுக் குண்டில் அது தெரியாது. சில்லு பெயர்ந்த குண்டில் மஞ்சள் தோலுக்கடியில் வெள்ளை பளிச்சென்று தெரிகிறது, தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கார்க்ஸ்க்ரூ பிளந்ததைப் பாருங்கள், வண்ணம் உள்ளே இறங்கியிருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தவருக்கு அதற்கப்புறம் சீட்டே தேவைப்படாது.

சேவையைப் பற்றிக் கொஞ்சம். லென்ஸ் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றாலும் ஆயா முகம் சுளிக்க மாட்டார், ஒரு ஸ்டூல் கொடுப்பார். வாங்கியதைப் பழுதாக இருந்தால் அடுத்த ஞாயிறு திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், பணமாகக் கொடுக்காமல் வேறு குண்டாக. ஜிபே உண்டு. பில் கிடையாது. குண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றாமல் ஒரே பொட்டலமாக தினசரித்தாளில் கட்டிக் கொடுக்கிறார்கள், இது சரியில்லை. பஸ்ஸில் கடலூர் வருவதற்குள் ஒன்றோடொன்று முட்டிப் புதுப்பிறை விழும். பழைய சாக்ஸ் ஒன்று கொண்டுபோய் அதில் முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படம் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். படத்தில் அளவும் தெரியாது, உள்பிறையும் தெரியாது, சீட்டு மட்டும் தெளிவாகத் தெரியும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சரக்குக்கும் அளவுக்கும் ஆயாவுக்கும் சேர்த்து அந்த மூன்றரை. மீதி ஒன்றரையைப் பேரன் சீட்டில் 'கண்ணாடி, மெஷின், அஞ்சு நூல், பிறை உண்டு' என்று மட்டும் எழுதத் தொடங்கினால் தரலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணிக்கு முன்னால் போங்கள். பேரன் எழுந்து வரத் தாமதமாகும், ஆயா மட்டும் இருப்பார். பதினொன்றுக்கு மேல் காந்தி வீதியில் கால் வைக்க இடம் இருக்காது, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும். வாரநாளில் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கதவு சாத்தியிருக்கும், தட்டாதீர்கள்.